அழுகிற அம்மா, அழாத தம்பி: யாருக்கு மருத்துவர் வேண்டும்?

கேள்வி: அப்பா மாரடைப்பில் இறந்து ஏழு மாதமாகிறது. வயது 64, சர்க்கரை நோய் இருந்தது. அம்மா இன்னமும் காலையில் அவருக்கும் சேர்த்துக் காப்பி போட்டுப் படத்துக்கு முன்னால் வைக்கிறார், படத்தோடு பேசுகிறார். ராத்திரியில் அப்பா இருமுகிற சத்தம் கேட்கிறது என்கிறார். சாயங்காலமானால் அழுகை. சித்தி மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ‘இப்படியே விட்டா புத்தி பேதலிச்சிடும்’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உள்ளூர் டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை (அல்பிரசோலாம்) ஐந்து மாதமாகப் போட்டு வருகிறார். தம்பி (வயது 29) தைரியமாக இருக்கிறான், இதுவரை அழவே இல்லை. ஆனால் அப்பாவின் உரக்கடையை இரண்டு மாதமாகச் சரியாகத் திறப்பதில்லை. ஆள் ரொம்ப இளைத்துவிட்டான். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானாம். அன்று ராத்திரி அப்பா நெஞ்சு கரிக்கிறது என்றபோது, வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தது அவன்தான். ‘நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்க்கா’ என்று போன மாதம் ஒருமுறை சொன்னான். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அம்மாவை மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? எதுவரை துக்கம், எதற்கு மேல் நோய்?

(ஊர், பெயர் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அம்மாவைப் பற்றியது. தம்பி கடைசியில் சில வரிகளில் வந்து போகிறார். என்னைக் கவலைப்பட வைத்தது அந்தச் சில வரிகள்தான். அம்மாவைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் தம்பியை ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவும் இந்த வாரமே.

அதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உரக்கடை என்றால் பூச்சிமருந்தும் இருக்கும். கடைச் சாவியைச் சித்தப்பாவோ மாமாவோ, நம்பிக்கையான ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் பூச்சிமருந்து டப்பா ஏதும் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். மிகையாகப் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 1995-ஐ ஒட்டிக் கொடிய விஷத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் விஷம் இல்லாமலிருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

சரி, இப்போது அம்மா.

துணையை இழந்தவர்களுக்கு இறந்தவரின் குரலோ நடமாட்டமோ கேட்பது மிகச் சாதாரணம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுப்புறத்தில், கணவனையோ மனைவியையோ இழந்த ஏறத்தாழ முந்நூறு பேரிடம் இதை விசாரித்து, 1971-இல் வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் இறந்தவரை உணர்ந்திருந்தார்கள். அருகில் இருப்பதாக உணர்ந்தவர்கள், பார்த்தவர்கள், குரலைக் கேட்டவர்கள், அவரோடு பேசியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அங்கேயும் இருந்தது. உங்கள் அம்மா தன் மகளிடம் சொல்லிவிட்டார். அது நல்ல விஷயம்.

முப்பது நாற்பது வருடம் ஒரே கூரையின் கீழ் கேட்ட இருமல் அது. ராத்திரியின் அமைதியில் காது இன்னமும் அதை எதிர்பார்க்கிறது. அந்தச் சத்தம் அம்மாவை மிரட்டுகிறதா, ‘நீயும் வந்துவிடு’ என்று கூப்பிடுகிறதா, தெரியாத குரல்கள் ஏசுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது அப்பா இறக்கவே இல்லை, எங்கேயோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அம்மா உறுதியாக நம்பினாலும், அது வேறு கதை. உடனே காட்ட வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. காப்பியைப் படத்துக்கு முன்னால் வைக்கிறார். குடிக்க வரமாட்டார் என்று தெரிந்துதான் அங்கே வைக்கிறார்.

சாயங்கால அழுகையைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அப்பா கடையை அடைத்துவிட்டு வீடு திரும்பும் நேரம் எது? அந்த நேரத்தோடு அழுகை ஒத்துப்போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. துக்கம் அப்படித்தான் வரும். அதற்கு ஒரு காரணம், ஒரு நேரம், ஒரு பொருள் இருக்கும். அவருடைய செருப்பைப் பார்த்தால் வரும், வானொலியில் அவருக்குப் பிடித்த பாட்டு கேட்டால் வரும். வந்து அடித்துவிட்டுப் போகும். நடுவில் பேரன் ஏதாவது குறும்பு செய்தால் சிரிப்பும் வரும். அம்மா உங்கள் பிள்ளைகளோடு ஃபோனில் பேசும்போது சிரிக்கிறாரா? சாப்பிடுகிறாரா? பக்கத்து வீட்டுக்காரர்களோடு நாலு வார்த்தை பேசுகிறாரா? ஆம் என்றால், அவர் எவ்வளவு சத்தமாக அழுதாலும் எனக்குப் பயமில்லை.

அப்புறம் அந்தக் கல்யாணம். வரமாட்டேன் என்றதை ஒதுங்கிப்போகும் நோயாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நிமிடம் அவர் இடத்தில் நின்று பாருங்கள். போன வருடம் வரை தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவர் அவர். இந்த வருடம் அதே மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது கண்ணாலேயே அவருக்குச் சொல்வார்கள். அது அவருக்குத் தெரியும். கணவனோடு சேர்ந்து தன் இடத்தையும் இழந்த ஒரு பெண், அந்த அவமானத்தைத் தவிர்க்க வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அதற்கு மருந்துச் சீட்டில் தீர்வு இல்லை. உங்கள் சித்தி நேரில் வந்து, ‘அக்கா, நீ மணமேடையில எம் பக்கத்துல நிக்கணும்’ என்று கூப்பிட்டால் அம்மாவின் பதில் மாறலாம். மாறாவிட்டாலும், வருடம் திரும்புகிற வரை விசேஷங்களுக்குப் போகாமலிருப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே.

வருடம் என்றதும் காலக்கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்ற பெயர் உங்கள் கண்ணில் படும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தக் கோளாறு உண்டு, குறைந்தபட்சக் காலம் 6 மாதம். அதே 2022-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் தன் கையேட்டில் இதைச் சேர்த்தது. அங்கே பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம். ஒரு பட்டியலின்படி அம்மா எல்லையைத் தாண்டிவிட்டார், இன்னொன்றின்படி இல்லை. ஆனால் இரண்டுமே ஒரு நிபந்தனை போடுகின்றன. அந்தத் துக்கம், அவர் வாழும் சமூகத்தின் வழக்கத்துக்கும் சமயத்துக்கும் பொருந்துகிற அளவைத் தெளிவாக மீறியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம், மாதா மாதம் திதி, தலைத் திவசம் என்று ஒரு முழு வருடத்தைத் துக்கத்துக்கு ஒதுக்கிக் கொடுத்த ஊர் நம்முடையது. ஏழாம் மாதத்தில் ஒரு மனைவி மாலையில் அழுவதை இங்கே அளவு மீறியது என்று சொல்ல முடியாது.

அந்தக் கோளாறு உண்மையிலேயே வரும்போது எப்படி இருக்கும்? ஏக்கம் நாள் முழுக்க, தினமும் ஆளை விடாமல் பிடித்திருக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் அது குறைந்திருக்காது. இறந்ததை மனம் ஏற்கவே மறுக்கும். சிலர் அந்த அறையைத் திறக்கவே மாட்டார்கள், அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகப் போகமாட்டார்கள். தன்னில் பாதி செத்துவிட்டது என்பார்கள். உள்ளே மரத்துப்போயிருக்கும், வேலையோ உறவோ எதுவும் திரும்பத் தொடங்கியிருக்காது. துக்கப்படுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. மற்ற ஒன்பது பேரும் மருத்துவர் இல்லாமலே, வலியோடும் உறவுகளோடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடுகிறார்கள். கோளாறாக மாறியவர்களுக்கு இதற்கென்றே வகுத்த பேச்சுச் சிகிச்சை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் உருவாக்கிய முறையில் சுமார் 16 அமர்வுகள். மனச்சோர்வு மாத்திரைகள் இந்த ஏக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அம்மாவைப் பொறுத்தவரை தலைத் திவசம் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் ஒரு இம்மியும் இறங்கவில்லை என்றால் அழைத்துப் போகலாம். சாப்பாட்டை நிறுத்தினாலோ, படுத்த படுக்கையானாலோ, சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ காத்திருக்க வேண்டாம்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று யாராவது சொன்னால், அம்மா எந்தப் படியில் நிற்கிறார் என்று தேடாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பார்த்து. யாரும் படி வரிசையில் துக்கப்படுவதில்லை. ஒரு நாள் காலையில் சாதாரணமாகக் கீரை ஆய்வார், அன்று மாலையே முதல் நாள் போலக் கதறுவார். அது பின்னடைவு இல்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு மருத்துவர் தேவை. நீங்கள் எழுதியிருக்கும் அல்பிரசோலாம், சில நாட்களுக்கோ மிஞ்சிப்போனால் சில வாரங்களுக்கோ கொடுக்க வேண்டியது. ஐந்து மாதம் தொடர்ந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஞாபகம் மங்கும். இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் தடுமாறி விழும் ஆபத்து கூடும். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். துணையை இழந்த முதல் மாதங்களில் இதயத்துக்கும் சுமை கூடுகிறது.

இனி தம்பி.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு, உடல் இளைப்பு, வேலையில் ஈடுபாடின்மை, தன்னைப் பற்றிய வெறுப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் மனச்சோர்வு நோயின் அடையாளம். இவை சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாங்கள் அந்த நோயை யோசிக்கத் தொடங்குவோம். இவர் கடையைச் சரியாகத் திறக்காமலே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அம்மாவுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணீரின் அளவில் இல்லை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1917-லேயே இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்: துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மனச்சோர்வில் தானே வெறுமையாகிவிடுகிறான் மனிதன். அம்மாவின் மனம் அப்பாவைச் சுற்றி வருகிறது. அவர் இல்லையே என்பதுதான் அவர் வலி. தம்பியின் மனம் தன்னையே சுற்றிச் சுற்றி வந்து குத்துகிறது. ‘அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்’ என்று அவர் சொல்லியிருந்தால் அது துக்கத்தில் வரும் குற்ற உணர்வு. அந்த இரவோடு கட்டுப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் யாரோ ஒருவர் அப்படிச் சொல்வார்கள். ‘நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்’ என்பது அந்த இரவைத் தாண்டி, அவருடைய முழு வாழ்க்கைக்கும் எழுதிய தீர்ப்பாகிவிட்டது.

அந்த இரவைப் பற்றியும் தம்பிக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. மாரடைப்பை வாயு என்று நினைப்பது தினமும் நடக்கிறது. நோயாளிகளே நினைக்கிறார்கள், சில சமயம் மருத்துவமனையிலேயே தவறவிடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி நெஞ்சுவலியாகவே வராமல் கரிப்பாகவோ அசதியாகவோ வியர்வையாகவோ மட்டும் வரலாம். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. தனக்குத் தெரிந்ததை வைத்து, அப்பாவின் சங்கடத்தைத் தீர்க்கக் கடைக்கு ஓடியிருக்கிறார் அந்தப் பிள்ளை. இதை நீங்கள் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் வாயாலும் அவர் கேட்கட்டும்.

அவர் ஏன் அழவில்லை என்பதையும் யோசித்தேன். சாவு வீட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழப் பெண்கள் இருந்தார்கள், ஒப்பாரி இருந்தது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். தம்பி என்ன செய்துகொண்டிருந்தார்? பந்தலுக்கும் ஃப்ரீசர் பெட்டிக்கும் அலைந்திருப்பார், வந்தவர்களுக்கு டீ சொல்லியிருப்பார், கொள்ளி வைத்திருப்பார். காரியத்தன்று தலையில் உருமால் கட்டி, ‘இனி நீதான்ப்பா எல்லாம்’ என்று தோளில் தட்டியிருப்பார்கள். அப்பாவை இழந்தவன் என்று அவரை யாரும் பார்க்கவில்லை, அப்பாவின் இடத்துக்கு வந்தவன் என்றே பார்த்தார்கள். நீங்களும் தைரியமாக இருக்கிறான் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆண்பிள்ளை அழாமலிருந்தால் அப்படித்தான் புரிந்துகொள்ள நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். அழாத எல்லாருக்கும் நோய் என்றும் அர்த்தமில்லை. சிலர் வேலை செய்தே ஆறிவிடுவார்கள். இவர் வேலையும் செய்யவில்லையே.

இழவு நடந்த வீட்டில் சோர்வு இருக்காதா, போகப் போகச் சரியாகும் என்று உறவினர்கள் சொல்வார்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னதுதான். அமெரிக்கக் கையேட்டின் 1994-ஆம் வருடப் பதிப்பு, இறப்பு நடந்து இரண்டு மாதத்துக்குள் வரும் இந்த அறிகுறிகளைப் பெரும்பாலும் மனச்சோர்வாகக் கணக்கிட வேண்டாம் என்றது. 2013-இல் அந்த விலக்கை நீக்கினார்கள். பெரிய சண்டை நடந்தது. மனிதனின் கண்ணீரையும் நோயாக்கி மாத்திரை விற்கப் பார்க்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, உங்கள் அம்மாவின் கையில் இருக்கும் மாத்திரை அட்டையே சாட்சி. ஆனால் விலக்கை நீக்கியது சரி என்பதே என் கருத்து. சாவுக்குப் பின் வந்தது என்பதற்காக மனச்சோர்வு ஆபத்து குறைந்ததாகிவிடாது. துக்க வீடு என்ற பெயருக்குப் பின்னால் அந்த நோய் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறது.

அவரிடம் எப்படிப் பேசுவது? ஃபோனில் வேண்டாம். இந்த வார இறுதியில் ஊருக்குப் போங்கள். அம்மா முன்னால் கேட்காதீர்கள். தனியாக இருக்கும்போது, ‘டேய், நீ தூங்குறதில்லைன்னு அம்மா சொல்றாங்க. ஆளும் பாதியாயிட்ட. எனக்குப் பயமா இருக்கு. உனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வர நேரமாகலாம். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். ‘அப்பா இருந்தா இப்படி இருப்பியா’, ‘அம்மாவை நினைச்சுப் பாரு’ போன்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருப்பவருக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு.

பிறகு இதைக் கேளுங்கள், மழுப்பாமல்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் வந்ததே பலருக்கு ஆறுதல். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். அங்கெல்லாம் மனநலப் பிரிவு உண்டு. ராத்திரி என்றால் அவசரப் பிரிவுக்கே போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104 சேவையும் இருக்கிறது. உங்களுக்கே என்ன செய்வதென்று தெரியாமல் போனால் நீங்களும் கூப்பிடலாம்.

குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சிகிச்சை அதற்கேற்ப மாறும். மருத்துவர் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12 பரிசோதனைகளும் எழுதலாம். இவற்றில் குறை இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். மனச்சோர்வுதான் என்று முடிவானால் பேச்சுச் சிகிச்சை, மாத்திரை, அல்லது இரண்டும் தருவார்கள். மாத்திரையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த ஆரம்ப வாரங்களில் யாராவது கூடவே இருக்க வேண்டும். இவை அம்மாவின் தூக்க மாத்திரை போல அடிமையாக்குபவை அல்ல. ஆனால் கொஞ்சம் தெளிந்ததும் ‘சரியாயிடுச்சு’ என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வோம்.

மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் கூட உள்ளே போங்கள். தம்பி ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடக்கூடும். தூக்கம், சாப்பாடு, எடை, கடை பற்றி நீங்கள் சொல்லுங்கள், பிறகு வெளியே வந்து அவரைத் தனியாகப் பேச விடுங்கள். அதே பயணத்தில் அம்மாவின் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால் அதைக் குறைக்கும் வழியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.